முள்முருக்கு மாநகரில் இரு நாள்

சீன தேசத்தைக் காணச் செல்வோர் பெரும்பாலும் பெய்சிங் மாநகரின் அரண்மனைகளையும் நெடுமதிலையும் கண்டு, சாங்காய் நகரின் வானளாவிய மாடங்களை வியந்து, அவ்வளவில் மீண்டுவிடுவர். அந்நாட்டின் தென்கிழக்குக் கரையிலே பூசியன் மாகாணத்தில் அமைந்துள்ள சுவான்சௌ என்னும் நகரம் அவர்தம் பயண நிரலில் இடம்பெறுவது அரிது. ஆயினும், சைவ சமயத்தவராகிய தமிழர் ஒருவர் சீனத்திலே ஒரேயொரு நகரைத்தான் காண இயலும் என்னும் நிலை நேருமாயின், அவர் தேர்ந்துகொள்ளத்தக்கது இந்நகரேயாம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்நகரில் ஒரு சிவாலயம் எழுந்தது; தமிழ் எழுத்துப் பொறித்த கல் நாட்டப்பட்டது. ஆலயம் இன்றில்லை. அதனை எழுப்பியோரின் வழித்தோன்றல்களும் இன்றில்லை. கற்கள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. அக்கற்கள் கூறுவன யாவை, கூறாதன யாவை என்று ஆராய்ந்து காண்பதற்கு இரு நாட் பயணமே போதுமானதாகும்.

பெயரும் இருப்பும்

சின் ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்தை அடுத்து, தாய்வான் நீரிணையை நோக்கி அமைந்தது சுவான்சௌ. தெற்கேயுள்ள சியாமென் நகரிலிருந்து விரைவுத் தொடர்வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் இதனை அடையலாம். சூழவுள்ள ஊர்களையும் சேர்த்து, 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 87 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இதன் ஆட்சியெல்லைக்குள் வாழ்கின்றனர். இவர்கள் பேசுவது மின்னான் எனப்படும் தென்பூசியன் மொழி. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பிலிப்பைன்சிலும் குடியேறிய சீனருட் பெரும்பகுதியினர் இம்மொழி வழங்கும் ஊர்களிலிருந்து சென்றோரேயாவர். தேயிலையைக் குறிக்க ஏனைய சீனர் பலர் 'சா' என வழங்க, இம்மக்கள் 'தே' என வழங்குவர். கடல் வாணிகத்தின் வழியே ஐரோப்பிய மொழிகளிற் புகுந்த அச்சொல்லே பின்னர் நமது 'தேயிலை', 'தேநீர்' என்னும் சொற்களுக்கும் முதலாயிற்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிப் பேசுந்தோறும் ஈழத்தவர் இந்நகரத்தார் சொல்லையே தம்மையறியாது வழங்கி வருகின்றனர்.

பழங்காலத்து அராபிய வணிகர் இந்நகரைச் 'சைத்தூன்' என அழைத்தனர். அராபிய மொழியிலே சைத்தூன் என்பது ஒலிவ மரத்தைக் குறிக்கும். 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மொறொக்கோ நாட்டுப் பயணியாகிய இபுன் பத்தூத்தா, பெயர் அவ்வாறிருப்பினும் ஊரில் ஒலிவ மரம் இல்லையென்று குறித்துச் சென்றார். உண்மை யாதெனின், சீன மொழியிலே 'சிதோங்' எனப்படும் மரத்தின் பெயரே அராபியர் நாவிற் சைத்தூன் எனத் திரிந்தது. 10ஆம் நூற்றாண்டில் நகர மதிலை விரித்துக் கட்டியபோது அதனைச் சூழ இம்மரத்தை நட்டனர் என்பது வரலாறு. செந்நிறப் பூங்கொத்துகளையும் முள்ளடர்ந்த தண்டையும் உடைய அம்மரம் வேறன்று. யாழ்ப்பாணத்து வேலிகளில் நிற்பதும், திருமண வீட்டிலே கன்னிக்காலாக ஊன்றப்படுவதுமாகிய முள்முருக்கேயாம். இன்றும் அதுவே சுவான்சௌ நகரின் அடையாள மரமாகவும் மலராகவும் போற்றப்படுகின்றது. 'சாட்டின்' எனப்படும் பளபளப்பான பட்டாடையின் பெயரும் சைத்தூன் என்பதன் வழி வந்ததென அறிஞர் கூறுவர்.

துறை வளர்ந்தவாறு

சொங் மரபினர் ஆட்சியிலே இந்நகரின் வாணிகம் பெருகிற்று. கடல் வாணிபத்தை மேற்பார்க்கவும் சுங்கம் தண்டவும் 1087ஆம் ஆண்டில் இங்கு அரசினர் ஓர் அலுவலகம் நிறுவினர். அதன் தலைமை அலுவலராயிருந்த சாவோ ரூகுவா என்பவர், ஏறத்தாழ 1225ஆம் ஆண்டில், பிறநாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் கடல் கடந்து சென்றவரல்லர்; துறைக்கு வந்த மாலுமிகளையும் வணிகரையும் வினாவியே பெரும்பாலான செய்திகளைத் திரட்டினார். சோழ நாட்டைப் பற்றியும் அந்நூலிற் பகுதியுண்டு. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியத் துறவி ஒருவர் கடல் வழியாக இந்நகருக்கு வந்து, தமக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு நகரின் தென்புறத்தே நிலம் வாங்கிப் பௌத்த மடம் ஒன்றை அமைத்தார் என்பதும் அந்நூல் தரும் செய்தியாகும்.

சோழ மன்னர்களின் தூதுக்குழுவினர் 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளிற் சீன அரசவையை அடைந்தனர். அரசர் தூதினும் வலியது வணிகர் தொடர்பு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனப்பட்ட தமிழ் வணிகப் பெருங்குழுவினர் சுமாத்திராத் தீவின் பாரூசிலே 1088ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வெட்டொன்றை நாட்டினர். ஈழத்தும் அவர்தம் கல்வெட்டுகள் உள. மாதோட்டத்தில் நிகழ்ந்த அகழ்வுகளிலே சீன மட்பாண்டங்கள் கிடைத்துள்ளன. ஆகவே, சுவான்சௌவிலே தமிழர் வாழ்ந்தமை தனித்ததொரு விந்தையன்று. கொற்கையும் நாகப்பட்டினமும் மாதோட்டமும் சுமாத்திராவும் கோத்த நெடுஞ்சரத்தின் கிழக்கு முனையே அது.

அக்காலத்து மரக்கலங்கள் காற்றை நம்பிச் சென்றவை. வாடைக் காற்று வீசும் மாரிக்காலத்திலே சுவான்சௌவிலிருந்து தெற்கே புறப்பட்ட கலங்கள், சோளகம் வீசும் கோடைக்காலத்தில் மீண்டன. நகருக்கு மேற்கேயுள்ள சியூரி மலையிலே, நற்காற்று வேண்டி அலுவலர்கள் நிகழ்த்திய வழிபாட்டைக் குறிக்கும் பாறைக் கல்வெட்டுகள் பத்து உள்ளன. அவை 1174 முதல் 1266 வரையான காலத்தன. அரசாங்க அலுவலரே காற்றுக்காகக் கைகூப்பி நின்றனர் என்பதிலிருந்து, நகரின் வாழ்வு எவ்வளவுக்குக் கடலைச் சார்ந்திருந்தது என்பது தெளிவாகும். மார்க்கோ போலோ, கிறித்தவ நாடுகளுக்கென அலெக்சாந்திரியாவுக்கு மிளகு ஏற்றிச் செல்லும் கலம் ஒன்றாயின் இத்துறைக்கு வருவன நூறு என எழுதினார். அஃது உயர்வு நவிற்சியாகலாம். எனினும், உயர்த்திக் கூறுதற்கும் ஓர் அடிப்படை வேண்டுமன்றோ?

முதல் நாள்: காய்யுவான் கோயில்

பயணியின் முதல் நாட் காலை காய்யுவான் பௌத்த கோயிலுக்கு உரியது. மேற்கு வீதி எனப்படும் பழைய கடைத்தெருவின் ஓரத்தில் இக்கோயில் அமைந்துள்ளது. 686ஆம் ஆண்டிலே, மல்பெரித் தோட்டம் ஒன்றின் உரிமையாளர் அளித்த நிலத்தில் இஃது எழுந்தது. மல்பெரி மரங்களிலே வெண்டாமரை மலர்ந்தாற் கோயிலுக்கு நிலம் தருவதாக அவர் துறவியிடம் கூற, அவ்வாறே மலர்ந்தன என்பது தலபுராணம்.

கோயில் முற்றத்தின் இருபுறத்தும் எண்கோண வடிவினவாய், ஐந்து நிலைகளையுடையனவாய் இரு கற்கோபுரங்கள் நிற்கின்றன. கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 48 மீற்றரும், மேற்குக் கோபுரம் ஏறத்தாழ 44 மீற்றரும் உயர்ந்தவை. முன்னர் மரத்தாலியன்ற இவை 13ஆம் நூற்றாண்டிலே கருங்கல்லாற் கட்டப்பட்டன. 1604ஆம் ஆண்டில் இப்பகுதியைப் பெருநிலநடுக்கம் தாக்கியபோதும் இவை வீழ்ந்தில. மேற்குக் கோபுரத்திலே வாளேந்திய குரங்குமுக வீரன் ஒருவனின் புடைப்புச் சிற்பம் உளது. சீனக் கதைகளில் வரும் வானர வீரனின் பழைய உருவங்களுள் ஒன்றாக இதனைக் கொள்வர். அனுமனோடு இதற்குத் தொடர்புண்டோ என்பது அறிஞரிடையே நெடுநாளாக வழங்கிவரும் வினா.

நடுவிலுள்ள பெருமண்டபத்தை 'நூற்றுக்கால் மண்டபம்' என்பர். உண்மையிலே தூண்கள் நூற்றினுங் குறைந்தனவே. உள்ளே மேல்விதானத்தைத் தாங்கும் கட்டைகளில் இறகு விரித்த 24 தேவ கன்னியர் இசைக்கருவிகளும் காணிக்கைகளும் ஏந்தி நிற்கின்றனர். பெரும்பாலான பயணிகள் இவற்றைக் கண்டு புத்தரை வணங்கித் திரும்பிவிடுவர். தமிழராயின் மண்டபத்தைச் சுற்றிப் பின்புறத் தாழ்வாரத்துக்குச் செல்லல் வேண்டும். ஆங்கே பதினாறு பட்டைகளையுடைய இரு கற்றூண்கள் ஏனையவற்றினின்றும் வேறுபட்டுத் தோன்றும். அவற்றிலே வட்டங்களுக்குள் செதுக்கப்பட்டுள்ளவை புத்தரின் வரலாறல்ல. திருமாலும், கண்ணனின் பிள்ளை விளையாடல்களும், முதலை வாய்ப்பட்ட யானையைக் காத்த கதையும் அங்குள்ளன. முன்புறத்து மேடையின் அடித்தளத்திலே வரிசையாக அமைந்த சிங்க உருவங்களும், மனித முகங்கொண்ட சிங்க உருவங்களும் இந்து ஆலயமொன்றின் அதிட்டானத்துக்கு உரியனவேயாம். மிங் மரபினர் காலத்தில் மண்டபத்தைத் திருத்தியமைத்தபோது, இடிந்து கிடந்த ஆலயத்தின் கற்களைக் கொணர்ந்து இங்குப் பொருத்தினர் என்பது ஆராய்ந்தோர் முடிபு.

இச்சிற்பங்களை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலனாகும். கதையும் கடவுளரும் தமிழகத்துக்கு உரியன. அமைப்பு முறை சோழ, பாண்டிய மரபைத் தழுவியது. ஆயினும் முகங்களிலும் மலர்க்கொடிகளிலும் சீனக் கைவண்ணம் கலந்துள்ளது. தமிழர் கூறியதைக் கேட்டுச் சீனச் சிற்பிகள் உளியெடுத்தனர் போலும். தாம் கண்டறியாத தெய்வங்களைச் செவிவழி கேட்டுச் செதுக்கிய அச்சிற்பிகளின் பொறுமையும், தம் தெய்வங்களின் கதைகளை அயன்மொழியில் விளக்கிய அவ்வணிகரின் ஆர்வமும் ஒருங்கே எண்ணுதற்குரியன.

இக்கோயில் வளவிலேயே மற்றொரு காட்சியும் உண்டு. சுவான்சௌத் துறையின் சேற்றிலிருந்து 1974ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சொங் காலத்து மரக்கலத்துக்கெனத் தனிக் காட்சிக்கூடம் இங்கு அமைக்கப்பட்டது. எஞ்சிய அடிப்பகுதி 24 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் 9 மீற்றருக்கு மேற்பட்ட அகலமும் உடையது. பன்னிரண்டு குறுக்குச் சுவர்கள் அதனைப் பதின்மூன்று அறைகளாகப் பிரிக்கின்றன. ஓர் அறையில் நீர் புகினும் ஏனைய அறைகள் காக்கப்படுதலின் கலம் எளிதில் மூழ்காது. அதனுள்ளிருந்து கிடைத்த பொருள்களுள் நறுமண மரங்கள், மிளகு, சோகி, ஆமையோடு என்பவற்றோடு பாக்கும் இருந்தது.

சிவாலயமும் தமிழ்க் கல்லும்

1956ஆம் ஆண்டில் இந்நகரிற் கண்டெடுக்கப்பட்ட கல்லொன்று அறிஞர் உலகின் கருத்தைக் கவர்ந்தது. அதன் பெரும்பகுதி தமிழில் உளது. இறுதியிற் சீன எழுத்து வரியொன்று காணப்படுகின்றது. சகாப்தம் 1203ஆம் ஆண்டு, சித்திரை மாதத்துச் சித்திரை நாள் என்று அக்கல் காலத்தைக் குறிக்கின்றது. அஃதாவது 1281ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம். சம்பந்தப் பெருமாள் என்னும் இயற்பெயரும் தவச்சக்கரவர்த்திகள் என்னும் சிறப்புப் பெயரும் உடைய ஒருவர், திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை இந்நகரிலே எழுந்தருளப் பண்ணினார் என்பதும், அது செகசைக் கான் என்னும் மன்னரின் நலத்தின் பொருட்டும் அவர்தம் ஆணையின்படியும் நிகழ்ந்தது என்பதும் அதன் சாரம். செகசைக் கான் என்பது மொங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானைக் குறிக்கும் எனப் பலரும் கொள்வர்.

இச்சிறு கல்லில் அடங்கிய செய்திகள் பல. நாட்டியவரின் பெயர் திருஞானசம்பந்தரை நினைவூட்டுகின்றது. ஆணையைக் குறிக்கும் சொல்லோ பாரசீகச் சொல்லாகிய 'பர்மான்'. தமிழ்க் கல்வெட்டிலே, சிவன் திருப்பெயருக்கு அருகே, மொங்கோலிய மன்னனின் பட்டமும் பாரசீகச் சொல்லும் அமர்ந்துள்ளன. பல மொழியினரும் பயின்ற துறைமுகத்தின் நாளாந்த வாழ்வு எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

காலமும் கருதற்பாலது. தென் சொங் அரசு முற்றாக வீழ்ந்தது 1279ஆம் ஆண்டில். இரண்டே ஆண்டு கழித்து இக்கல் நாட்டப்பட்டது. ஆட்சி மாறிய நாட்டிலே அயலாராய் வாழ்ந்த வணிகர், புதிய மன்னனின் இசைவைப் பெற்று, அவன் நலத்துக்கென வேண்டித் தம் இறைவனை எழுந்தருளச் செய்தனர். இதிலே பக்தியும் உண்டு. உலகியல் அறிவும் உண்டு. இவற்றுள் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் கூறுதல் நேர்மையாகாது. இன்னொரு பொருத்தமும் உண்டு. அவ்வாண்டுத் தொடக்கத்திலே குப்ளாய் கானின் தூதராகிய யாங் திங்பி சுவான்சௌவிலிருந்து கொல்லம் நோக்கிப் புறப்பட்டார். மூன்று திங்கள் கடலிற் சென்று ஈழக்கரையை அணுகியபோது எதிர்க்காற்றும் உணவுக் குறையும் வாட்டவே, பாண்டி நாட்டுக் கரைக்குத் திரும்பினார். சுவான்சௌவிலே தமிழர் கானின் பெயராற் சிவனை எழுந்தருளப் பண்ணிய அதே வேனிலில், கானின் தூதர் தமிழ்க் கடலிலே அலைவுற்றிருந்தார்.

இக்கல் எதனைக் கூறவில்லை என்பதும் அறியற்பாலது. தமிழர் சீனத்தை ஆண்டனர் என்றோ, சீனர் சைவராயினர் என்றோ அது கூறவில்லை. கடல் கடந்து சென்ற ஒரு சிறு கூட்டத்தார், ஆட்சியாளர் இசைவோடு ஆலயம் எழுப்பி வழிபட்டனர் என்பதே அது கூறுவது. மிகைப்படக் கூறி மகிழ்வோருக்கு இது சிறிதாகத் தோன்றலாம். படையின்றிச் சென்று, பகையின்றி வாழ்ந்து, தம் இறைவனுக்கு இடம் பெற்றமை சிறிதன்று என்பதை அமைந்து எண்ணுவோர் உணர்வர்.

இரண்டாம் நாள்: ஒரு நகர், பல சமயம்

இரண்டாம் நாட் பயணத்தைத் தூமென் வீதியிலே தொடங்கலாம். இவ்வீதியில் சிங்சிங் பள்ளிவாசல் உளது. 1009ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு 1310ஆம் ஆண்டிற் செப்பனிடப்பட்டது அது. கருங்கல்லாலான உயர்ந்த வாயிலும், கூரையிழந்த தொழுகை மண்டபத்தின் சுவர்களும், அவற்றிற் பொறித்த அராபிய எழுத்துகளும் இன்றும் நிலைபெற்றுள்ளன. அதனை அடுத்து, போர்வீரர் குவான் யூவைத் தெய்வமாக வழிபடும் கோயிலில் நறும்புகை ஓயாது எழும். சிறிது தொலைவிலே கன்பூசியசின் கோயில். தெற்கே சென்றால், கடலோடிகளைக் காக்கும் அன்னையாகிய மாசுவுக்கு 1196ஆம் ஆண்டில் எழுந்த கோயில். ஒரு முற்பகலில், கால்நடையாகவே, நான்கு வழிபாட்டு நெறிகளைக் கண்டுவிடலாம்.

நகருக்கு வடக்கேயுள்ள சிங்யுவான் மலையிலே பாறையிற் செதுக்கப்பட்ட லாவோசு முனிவரின் உருவம் ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் உயரமுடையது. நீண்ட செவியும் நகை தவழும் முகமுமாய் வெட்டவெளியில் வீற்றிருக்கும் அவ்வுருவம் சொங் காலத்தது. கிழக்கே லிங் மலையில் பழைய இசுலாமியப் பெரியார் இருவரின் சமாதிகள் உள்ளன. சீனக் கடற்படைத் தலைவராகிய செங் கோ 1417ஆம் ஆண்டிற் கடற்பயணத்தின்போது இங்கு வந்து வழிபட்டமையைக் குறிக்கும் கல் அங்கு நிற்கின்றது. தெற்கே சின்சியாங் பகுதியிலுள்ள சாவோஆன் கோயில், பாரசீகத்தில் மானி என்பவர் நிறுவி உலகெங்கும் அருகிப்போன மானியச் சமயத்துக்கு உரியது. 1339ஆம் ஆண்டிற் செதுக்கப்பட்ட மானியின் உருவம் அங்கு 'ஒளிப் புத்தர்' எனப் பெயர் பெற்று, அப்பெயராலேயே பிழைத்திருக்கின்றது.

பொறியியல் நாட்டமுடையார் லோயாங் பாலத்தைக் காணாது திரும்பலாகாது. 1053 முதல் 1059 வரை, அறிஞரும் ஆளுநருமாகிய சாய் சியாங் என்பவரின் மேற்பார்வையிலே இது கட்டி முடிக்கப்பட்டது. ஆறும் கடலும் மோதும் முகத்துவாரத்திலே கல்லை நிலைபெறச் செய்வது எளிதன்று. முதலில் ஆற்றின் குறுக்கே கற்களைக் கொட்டி நீருள் அகன்ற மேடை அமைத்தனர். அதன்மேற் படகு வடிவிலான கற்றூண்களை நிறுத்தினர். பின்னர் அக்கற்களிலே சிப்பிகளை வளர்த்தனர். சிப்பி தன் ஓட்டினாற் கல்லையுங் கல்லையும் பற்றிப் பிணிக்கும். உயிர்ப்பொருளையே சாந்தாக்கிய இவ்வுத்தி பாராட்டுக்குரியது. கடற்கரையை அடுத்த சுன்பூ ஊரிலே சிப்பியோடு பதித்த வீட்டுச் சுவர்களையும், கொண்டையைச் சுற்றி மலர்ச்சரங்களை அடுக்கடுக்காக அணியும் மகளிரையும் காணலாம். ஊருணவிலே சிப்பியும் மீனும் மிகுதி. மரக்கறி உணவினர் பௌத்த கோயில்களை அண்டிய உணவுச்சாலைகளை நாடுதல் நன்று.

பிற்பகல், 1959ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கடல்சார் வரலாற்று அரும்பொருளகத்துக்கு உரியது. அராபியம், சிரியாக்கு, பாரசீகம் முதலாய எழுத்துகள் பொறித்த கல்லறைக் கற்களும், தாமரைமேற் சிலுவை நிற்கும் கிறித்தவக் கற்களும், இந்து ஆலயச் சிற்பங்களும் அங்குள்ளன. இந்நகரிற் கிடைத்த இந்துச் சிற்பங்களுள் இரண்டு சைவருக்குப் பெரிதும் உவகை தருவன. ஒன்றிலே யானையொன்று துதிக்கையால் இலிங்கத்துக்கு மலர் சாத்துகின்றது. மற்றொன்றிலே பசு இலிங்கத்தின் அருகே நிற்கின்றது. முன்னையது திருவானைக்காவையும், பின்னையது பசு பால் சொரிந்த தலங்கள் பலவற்றையும் நினைவூட்டும். தாய்நாட்டுத் தலபுராணத்தைக் கல்லிலே பொறித்து, அதனைக் கண்டு அவர்கள் ஆறுதலுற்றனர் ஆதல் வேண்டும்.

நகரின் மேற்குப் புறத்தே 'கல் மூங்கிற் குருத்து' எனப்படும் பெருங்கல் ஒன்று நிற்கின்றது. இதனைச் சிவலிங்கம் எனக் கூறுவாருமுளர். வடிவை மட்டும் கொண்டு துணிவது பொருந்தாது. நகர்ப்புறத்துச் சிற்றூர் ஒன்றிலோ, பழைய இந்து ஆலயத்து நாற்கரத் தேவியின் உருவம், பௌத்தக் கருணைத் தெய்வமாகிய குவான்யின் எனக் கருதப்பட்டு இன்றும் வழிபடப்படுகின்றது. பெயர் மாறினும் நறும்புகை மாறவில்லை.

துறை தூர்ந்தமை

இத்துணைச் சிறப்புற்ற துறை எவ்வாறு வீழ்ந்தது? 1357 முதல் 1366 வரை நகரிலும் சுற்றுப்புறத்திலும் பாரசீகப் படையினர் கிளர்ந்தெழுந்து போர் நிகழ்த்தினர். அது அடக்கப்பட்டபோது அயல்நாட்டினர் பலர் கொல்லப்பட்டனர்; எஞ்சியோர் சிதறினர். 1368ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த மிங் மரபினர் விரைவிலே தனியார் கடல் வாணிகத்தைத் தடைசெய்தனர். துறைமுகமும் சேறடைந்தது, வாணிகம் அயலிலுள்ள வேறு துறைகளுக்குப் பெயர்ந்தது. சிவாலயம் எந்நாளில், எவர் கையால் இடிந்தது என்பதைக் கூறும் கல்வெட்டு இல்லை. வழிபடுவோர் இல்லாத ஆலயத்தை இடிக்கப் பகைவர் வேண்டுவதில்லை, காலமே போதும். கல்லறைக் கற்களும் ஆலயக் கற்களும் நகர மதிலின் அடிக்கற்களாயின.

தொடர்பு முற்றாக அறுந்ததென்றும் கூறுதற்கில்லை. செங் கோவின் கப்பல்கள் கொணர்ந்த மும்மொழிக் கல் 1911ஆம் ஆண்டிற் காலி நகரிலே கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு அரும்பொருளகத்தை அடைந்தது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லிலே சீனம் புத்தரையும், தமிழ் தென்னாவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாவையும் போற்றுகின்றன. சுவான்சௌவிலோ, 15ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து வந்து தங்கிவிட்ட இளவரசர் ஒருவரின் வழியினர் எனத் தம்மைக் கூறும் 'ஷி' குடும்பத்தினர் உளர்.

கற்களைக் காத்த ஆசிரியர்

1920ஆம் ஆண்டுகளில் வீதிகளை அகலமாக்கும் பொருட்டு நகர மதிலை இடிக்கத் தொடங்கினர். பின்னர் யப்பானியப் போர்க் காலத்திலும் அது தொடர்ந்தது. மதிலினுள் ஒளிந்து கிடந்த கற்கள் வெளிப்போந்தன. கற்றச்சர் அவற்றை விலைக்கு வாங்கி உடைத்து வீடுகட்டப் பயன்படுத்தினர். அந்நாளிலே அந்நகரத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவர், வூ வென்லியாங் என்னும் பெயரினர், அவற்றின் அருமையை உணர்ந்தார். அவர் உயிரியல் கற்றவர்; தொல்பொருளியல் அவர்தம் தொழிலன்று. அக்கற்களிற் பொறித்த மொழிகள் அவரறியாதவை. அவை போற்றும் தெய்வங்கள் அவர் வணங்காதவை. எனினும், தம் வருவாயிலிருந்து விலைகொடுத்து ஒவ்வொன்றாக வாங்கிக் காத்தார். பல ஆண்டுகள் திரட்டியவற்றைப் பின்னர்ப் பொதுமக்களுக்கென வழங்கினார். 1957ஆம் ஆண்டில் சுவான்சௌவின் சமயக் கல்வெட்டுகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார். இன்று அரும்பொருளகத்தில் நின்று வியப்போர் அனைவரும் அவருக்குக் கடப்பாடுடையர்.

2021ஆம் ஆண்டில் சுவான்சௌ நகரின் 22 இடங்களை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அரசும் உலகமும் போற்றுதற்கு முன்னரே, ஒரு கல் உடைபடலாகாது என்று கருதிய தனி மனிதர் ஒருவர் இருந்தார் என்பதே இவ்வரலாற்றின் சாரம். ஈழத்தும் இடிந்த ஆலயங்களின் கற்கள் வேறு கட்டடங்களின் சுவர்களிலே கிடத்தலைக் கேள்வியுறுகின்றோம். ஏடுகள் செல்லரித்தலைக் கண்முன்னே காண்கின்றோம். அயலார் ஒருவர் நம் தெய்வத்தின் கல்லைத் தம் பொருள் கொடுத்துக் காத்தாரெனின், நம் கற்களையும் நம்மயலார் கற்களையும் காத்தல் நமக்குக் கடனன்றோ?

இரு நாட் பயணத்தை முடித்து நிலையம் நோக்கிச் செல்லும் பயணியின் இருமருங்கும் முள்முருக்கு மரங்கள் நிற்கும். ஆலயம் எழுப்பிய சம்பந்தப் பெருமாளும் அம்மரத்தைக் கண்டு தம் ஊர் வேலியை நினைந்திருத்தல் கூடும். மன்னர் ஆணையும், வணிகர் செல்வமும், மதிலும் மறைந்தன. மரமும், சில கற்களும், அவற்றைப் பேணிய ஓர் ஆசிரியரின் பெயரும் நிலைபெற்றுள்ளன.